முதல் பாட்டும் கடைசிப் பாட்டும்

லாஸ் ஏஞ்சல்ஸின் லவ் என்ற ராக் குழுவின் ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ இசைத்தட்டை, அதன் பாடகர் ஆர்தர் லீயின் தட்டு என்று சொல்வதே வழக்கம். 1967 நவம்பரில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட அந்தத் தட்டில் 11 பாட்டுகள். அவற்றில் 9 லீ எழுதியவை. மீதி இரண்டும் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்த பிரையன் மக்லீனுடையவை. எண்ணிக்கையைப் பார்த்தால் லீயின் பெயர் முன்னால் நிற்பது நியாயம்தான். ஆனால் தட்டில் ஊசியை வைத்ததும் முதலில் வருவது மக்லீனின் ‘அலோன் அகைன் ஆர்’. ஊசி உள்வட்டத்தை எட்டும்போது ஒலித்துக்கொண்டிருப்பது லீயின் ‘யூ செட் த சீன்’. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால், நடுவிலுள்ள ஒன்பது பாட்டுகளும்கூட வேறு மாதிரி கேட்கத் தொடங்குகின்றன.

வேறுபாடுகள் முதல் கேட்பிலேயே தெரிந்துவிடும். முதல் பாட்டு 3 நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. கடைசிப் பாட்டு ஏறக்குறைய 7 நிமிடத்துக்கு நீள்கிறது. முதலாவதில் இருப்பவை இரண்டே சிறு சரணங்கள். இரண்டும் ஒரே வரியில் வந்து அடைகின்றன. இரண்டாவதில் கேள்விகளும் காட்சிகளும் தீர்மானங்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. நடுவழியில் பாட்டே இன்னொன்றாக மாறிவிடுகிறது. மக்லீன் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்த நினைவை எழுதினார். லீக்கு அப்போது வயது 22. தாம் விரைவில் இறந்துவிடப் போவதாக அவர் நம்பினார், இந்தத் தட்டையே தம் கடைசிச் சொல்லாக நினைத்து எழுதியதாகப் பின்னாளில் சொல்லியும் இருக்கிறார்.

ஒருவர் காதலிக்காகக் காத்திருந்தார், மற்றவர் சாவுக்காகக் காத்திருந்தார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது என்று தோன்றலாம். ஆனால் காத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். மக்லீனின் பாட்டில் பேசுபவன் கோபப்படுவதில்லை, கெஞ்சுவதுமில்லை. எத்தனை முறை பொறுமையாகக் காத்திருந்தான் என்பது அவனுக்கு மறக்கவில்லை. ஆனாலும் பரவாயில்லை என்கிறான், உன் விருப்பப்படிதான் நீ செய்வாய் என்று ஒப்புக்கொள்கிறான், இன்றிரவும் தனிமைதான் என்று முடித்துவிடுகிறான். லீயின் பாட்டில் பேசுபவனும் தனக்குக் கிடைத்த காலம் கொஞ்சம் என்பதை அறிந்தவன். அவனும் அதற்காக யாரிடமும் முறையிடுவதில்லை. புன்னகையோடு அன்றன்றைய நாளை எதிர்கொள்ளப் போவதாக மட்டும் சொல்கிறான். இருவருமே வரவேண்டியதை விரட்டுவதுமில்லை, துரத்துவதுமில்லை.

இன்னொரு ஒற்றுமை அதற்கும் அடியில் இருக்கிறது. இரண்டு பாட்டுகளிலும் அதிகாரம் எதிரே இருக்கும் ‘நீ’யிடம்தான் இருக்கிறது. மக்லீனின் பாட்டில் வருவதும் வராமல் போவதும் அவள் முடிவு. லீயின் பாட்டிலோ தலைப்பிலேயே காட்சியை அமைப்பது ‘நீ’தான், பாடுபவன் அந்தக் காட்சிக்குள் வந்து நிற்கிறான். வித்தியாசம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மக்லீனின் ஆள் அந்த ஏற்பாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டு தன் அறைக்குத் திரும்பிவிடுகிறான். லீயின் ஆள், கண்ணில் படுவதையெல்லாம் மாற்றி அடுக்க வேண்டும் என்று கை வைக்கக் கிளம்புகிறான். முன்னவனுடைய ‘நீ’ ஒரே ஒருத்தி. பின்னவனுடைய ‘நீ’ வரிக்கு வரி மாறிக்கொண்டே போகிறது: தெருவில் நடந்து போகும் யாரோ, பழைய சட்டத்துக்குள்ளேயே இருக்கும் படத்திலுள்ள யாரோ, கடைசியில் கேட்டுக்கொண்டிருக்கும் நாம்.

இசை தொடங்கும் விதமும் இதற்கு ஏற்றாற்போலவே இருக்கிறது. ‘அலோன் அகைன் ஆர்’ ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரோடு, விரல் மீட்டலில், தணிந்த ஒலியில் தொடங்குகிறது. பக்கத்து அறையில் யாரோ வாசிப்பது போல அது மெல்ல அருகே வருகிறது. பிறகுதான் ட்ரம்ஸ், பிறகு வயலின்கள். ‘யூ செட் த சீன்’ அப்படிக் காத்திருப்பதில்லை. பேஸ் கிட்டாரும் ட்ரம்ஸும் முன்னால் தள்ள, பாட்டு ஆரம்பத்திலேயே நடைவேகத்தில் கிளம்பிவிடுகிறது. காத்திருப்பவனின் பாட்டு மெதுவாக நிறைகிறது. நேரம் குறைவு என்று நம்பியவனின் பாட்டு முதல் நொடியிலேயே ஓடத் தொடங்குகிறது. தட்டைப் பலமுறை கேட்ட பிறகுதான் இந்தப் பொருத்தம் பிடிபடுகிறது.

இரண்டையும் இணைக்கும் முக்கியமான கண்ணி டிரம்பெட். மக்லீனின் பாட்டில் இரண்டு சரணங்களும் முடிந்ததும் சொற்கள் நின்றுவிடுகின்றன. கிட்டார்கள் ஃபிளமெங்கோ பாணியில் படபடக்க, ட்ரம்ஸ் எழும்ப, மெக்ஸிகோவின் மரியாச்சி குழுக்களை நினைவூட்டும் டிரம்பெட் இடையிசையாகப் பாய்கிறது. அந்த ஸ்பானிய வாசனை மக்லீனின் வீட்டிலிருந்தே வந்தது. அவருடைய தாய் ஃபிளமெங்கோ ஆடியவர். லீயின் பாட்டிலும் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகு டிரம்பெட்டுகள் பொறுப்பை ஏற்கின்றன. அங்கே அவை அரசவைக் கட்டியம் போல, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. குரல் போய்ச் சேர முடியாத இடத்துக்கு இரண்டு பாட்டுகளும் ஒரே வாத்தியத்தைத்தான் அனுப்பிவைக்கின்றன.

அந்த ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்களுக்கு டிரம்பெட் என்றால் என்ன பொருள் என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். ஹெர்ப் ஆல்பெர்ட்டின் டிஹுவானா பிராஸ் குழு அந்த ஒலியை ஒவ்வொரு வரவேற்பறைக்கும் கொண்டு சேர்த்திருந்தது. அது விருந்தின் ஒலி, குளிர்பானக் கோப்பையும் கடற்கரை வெயிலுமான ஒலி. அதே ஒலியை மக்லீனின் பாட்டு ஆளில்லாத இரவுக்குக் கொண்டுவந்து வைக்கிறது. லீயின் பாட்டு அதை ஒரு மனிதன் தன் வாழ்நாளை முடித்துக்கொள்ளும் சடங்குக்கு எடுத்துக்கொள்கிறது. கேளிக்கைக்குப் பழகிப்போன வாத்தியம் துக்கத்துக்கு வரும்போது துக்கம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு பாட்டுகளிலும் அழுகைச்சாயல் துளியும் இல்லாமல் போனதற்கு இந்த டிரம்பெட்டே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த ஒற்றுமைக்குப் பின்னால் டேவிட் ஏஞ்சல் என்ற மூன்றாவது ஆள் இருக்கிறார். தந்தி வாத்தியங்களுக்கும் ஊது வாத்தியங்களுக்கும் இசைக்கோவை எழுதியவர் அவர். லீ தம் மனதிலிருந்த மெட்டுகளை வாயால் பாடிக் காட்ட, ஏஞ்சல் அவற்றைக் குறிப்புகளாக எழுதினார். எனவே லீயின் பாட்டில் நாம் கேட்கும் டிரம்பெட்டில் லீயின் தொண்டையும் கலந்திருக்கிறது. மக்லீனின் பாட்டிலும் லீயின் தொண்டை கலந்திருக்கிறது. அந்தக் கதைதான் சற்றுச் சங்கடமானது.

‘அலோன் அகைன் ஆர்’ பாட்டின் முதன்மைக் குரல் மக்லீனுடையது. லீ பாடியது இணைக்குரல். இறுதி ஒலிக்கலவையில் மக்லீனின் குரல் தணிந்து, லீயின் குரல் மேலே வந்தது. மக்லீனின் குரல் போதிய வலுவில்லாமல் இருந்தது என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. தலைப்பின் கடைசிச் சொல்லைச் சேர்த்ததும் லீதான். ஆகவே ஒருவரின் அந்தரங்க நினைவு, இன்னொருவரின் குரலில் நம்மை வந்தடைகிறது. எழுதியவருக்கு இது வலித்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விளைவைக் கேட்டால் மறுக்கவும் முடிவதில்லை. தனிமையைப் பற்றிய பாட்டை இரண்டு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அதில் ஒருவர் பாதி மறைந்து நிற்கிறார். 1997-இல் வெளிவந்த மக்லீனின் தனித்தொகுப்பில் இதே பாட்டு அவருடைய குரலும் கிட்டாருமாக மட்டும் இருக்கிறது. அது ஒரு இளைஞனின் ஏக்கம். தட்டில் இருப்பதற்கு அதைவிட வயது கூடுதல்.

‘யூ செட் த சீன்’ பாட்டில் இத்தகைய இழுபறி இரண்டு மனிதர்களுக்கிடையே இல்லை. லீக்கும் லீக்குமிடையே இருக்கிறது. முதல் பாதியில் பாடுகிறவர் பதற்றத்தோடு, கேள்வி கேட்டுக்கொண்டே போகிறவர். பிற்பாதியில் வயலின்கள் விரிந்ததும் அதே தொண்டை நிதானமாகி, ஒரு மேடைப் பாடகரின் முழுக்குரலை எடுத்துக்கொள்கிறது. மக்லீனின் பாட்டில் இரண்டு பேர் ஒரே மெட்டில் சேர்கிறார்கள் என்றால், லீயின் பாட்டில் ஒரே ஆள் இரண்டு மெட்டுகளாகப் பிரிகிறார்.

பிறப்பையும் வளர்ப்பையும் வைத்து யூகித்தால் இந்த இடத்தில் ஏமாந்துபோவோம். மக்லீன் பெவர்லி ஹில்ஸ் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய தந்தை ஹாலிவுட் பிரமுகர்களுக்கு வீடு வடிவமைத்த கட்டடக் கலைஞர். பிராட்வே மேடைப் பாட்டுகளில் ஊறிய பிள்ளை அவர். லீ மெம்பிஸில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்த கறுப்பினத்தவர். ரிதம் அண்டு புளூஸ் வழியாக வந்தவர். நாடகத்தனமான நெடும்பாட்டை முன்னவரிடமும், சுருக்கமான உணர்ச்சிப் பாட்டைப் பின்னவரிடமும்தான் எதிர்பார்ப்போம். தட்டில் நடப்பது நேர்மாறு. மேடைப் பாட்டில் ஊறியவர், ஒரு கிட்டாரை மடியில் வைத்துப் பாடக்கூடிய நாட்டுப்பாட்டு அளவில் தம்முடையதை நிறுத்திக்கொண்டார். தலைப்பிலேயே அரங்க அமைப்பைப் பேசி, அங்கம் அங்கமாகப் பிரித்து, கடைசியில் முழு வாத்தியக் குழுவோடு திரை இறக்குகிறவர் லீ. ஒரே குழுவில் கூடியிருந்த இருவரும் ஒருவர் மற்றவரின் பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. இதை எந்த ஆவணத்தாலும் நிறுவ முடியாது. காதால் கேட்டுச் சொல்கிறேன்.

மனநிலையிலும் அதே குறுக்குப் போக்கு. 1967 கோடையில் கலிஃபோர்னியா முழுவதும் எல்லோரையும் நேசிப்போம் என்ற கோஷம் ஒலித்தது. மக்லீனின் இரண்டாம் சரணத்தில் அந்தக் கோஷம் அப்படியே நுழைகிறது: தன்னால் ஏறக்குறைய எல்லோர் மீதும் காதல் கொள்ள முடியும், மனிதர்களைப் போல மகிழ்ச்சி தருவது வேறில்லை என்கிறான் அவன். உடனே அடுத்த வரியில் இன்றிரவும் தனிமை. இதைப் பூச்சூடிய இளைஞனின் வெள்ளந்தித்தனம் என்று கொள்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு கூர்மையான கணக்குத் தெரிகிறது. எல்லோரையும் நேசிக்கக் கூடியவனின் கதவை அன்று ஒருத்தியும் தட்டவில்லை. அந்தக் கோடையின் கனவுக்கு, அந்தக் கோடை முடிவதற்குள்ளேயே எழுதப்பட்ட விடை அது.

லீயோ அந்தக் கோடையை ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. மலைச்சரிவிலிருந்த வீட்டிலிருந்து நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். ‘எ ஹவுஸ் இஸ் நாட் எ மோட்டல்’ பாட்டில் வியட்நாம் போரின் சேறும் ரத்தமும் வருகின்றன. ‘த ரெட் டெலிஃபோன்’ பாட்டின் முடிவில், பைத்தியக்கார விடுதியைக் களமாகக் கொண்ட ‘மாரா/சாட்’ நாடகத்தின் சாயலில், விடுதலை கேட்கும் குரல்கள் முணுமுணுக்கின்றன. இப்படிப்பட்டவர் தட்டை இருட்டில் முடித்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முடித்தது சம்மதத்தில். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு பிரிவு உண்டு என்பதைச் சொல்லிவிட்டு, அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை என்கிற தொனியில் நிமிர்ந்து நிற்கிறார். நம்பிக்கைக்காரர் என்று பெயரெடுத்தவர் வெறும் அறையைக் காட்டுகிறார். அவநம்பிக்கைக்காரர் வெளியே நடக்கச் சொல்கிறார்.

நடுவிலுள்ள ஒன்பது பாட்டுகளும் இந்த இரண்டையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை. மக்லீனின் பாட்டு எதையும் சார்ந்து நிற்கவில்லை. அதற்கு முன்னால் மௌனம் மட்டுமே உண்டு. லீயின் பாட்டு தட்டு முழுவதையும் முதுகில் சுமந்துகொண்டு வருகிறது. போரையும் பூட்டிய அறைகளையும் சன்செட் தெருவின் கூட்டத்தையும் கடந்து வந்தால்தான், அந்தக் கடைசி நிமிடங்களின் டிரம்பெட்டுக்கு உரிமை கிடைக்கிறது. தனியாகப் பிரித்துக் கேட்டால் அது சற்று ஆர்ப்பாட்டமாகத் தோன்றக்கூடும். 1977-இல் யுஎஃப்ஓ குழுவும் அதற்கடுத்த பத்தாண்டில் த டேம்ன்ட் குழுவும் பின்னர் கலெக்ஸிகோவும் மக்லீனின் பாட்டையே எடுத்துப் பாடியதற்குக் காரணமும் இதுவாகவே இருக்க வேண்டும். முன்னதைப் பறித்துக்கொண்டு போய் எங்கும் நடலாம், பின்னதை வேரோடு பெயர்த்தால்தான் எடுக்க முடியும்.

ஆனாலும் ஒலிப்பதிவு அறையில் இரண்டும் ஒரே உழைப்பில் பிறந்தவை. 1967 ஜூனில் சன்செட் சவுண்ட் கூடத்தில் பதிவு தொடங்கியபோது குழு வாசிக்கும் நிலையில் இல்லை. ‘ஆண்ட்மோர்அகைன்’, ‘த டெய்லி பிளானெட்’ ஆகிய இரண்டையும் ஹால் பிளெய்ன், கரோல் கே போன்ற கூலிக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. தங்கள் இடத்தில் பிறர் உட்கார்ந்திருப்பதைக் கண்ட அதிர்ச்சியில்தான் குழு விழித்துக்கொண்டது. நாம் பேசும் இரண்டு பாட்டுகளும் அந்த விழிப்புக்குப் பிறகு, செப்டம்பர் வரை நீண்ட பதிவில், ஜானி எக்கோல்ஸும் கென் ஃபோர்ஸியும் மைக்கேல் ஸ்டுவர்ட்டும் உள்ளிட்ட குழுவே வாசித்தவை. முதலாவதின் கிட்டார் துல்லியத்திலும் இரண்டாவதின் பேஸ் ஓட்டத்திலும், இழந்த இடத்தை மீட்டவர்களின் கவனம் தெரிகிறது.

வெளியானபோது தட்டு அமெரிக்கப் பட்டியலில் 154-ஆம் இடத்தோடு நின்றது. பிரிட்டனில் 24 வரை ஏறியது. ஊர் ஊராகப் போய்ப் பாட லீ விரும்பாததும் இதற்கு ஒரு காரணம். 1968-இல் குழு கலைந்தது. மக்லீன் கிறித்தவ மார்க்கத்தில் ஈடுபட்டு, 1998 கிறிஸ்துமஸ் நாளில் இறந்தார். லீ அப்போது கலிஃபோர்னியச் சிறையில் இருந்தார். 2001 டிசம்பரில்தான் வெளியே வந்தார். சாவை எதிர்பார்த்தவர் பிழைத்துக் கிடக்க, காதலியை எதிர்பார்த்தவர் முன்னால் போய்விட்டார்.

2003 ஜனவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், ஸ்வீடனிலிருந்து வந்த தந்தி, ஊது வாத்தியக் கலைஞர்களோடு லீ முழுத் தட்டையும் மேடையில் பாடினார். அந்தக் கச்சேரியின் பதிவு கிடைக்கிறது. இரண்டு பாட்டுகளும் காலத்தால் எப்படி எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்திருக்கின்றன என்பதை அதில் கேட்கலாம். ‘அலோன் அகைன் ஆர்’ கனத்துவிட்டது: எழுதியவர் இல்லை, அன்று அவர் குரலுக்கு மேலே ஏறி ஒலித்த குரல் மட்டும் இருக்கிறது. ‘யூ செட் த சீன்’ இலேசாகிவிட்டது: காலம் கொஞ்சம்தான் என்று 22 வயதில் சொன்னவர் 57 வயதில் அதையே பாடுகிறார், அந்தச் சொல்லில் அச்சம் போய் நன்றி ஏறியிருக்கிறது. முன்பு நான் கடைசிப் பாட்டையே இரண்டில் பெரியது என்று கருதியதுண்டு. இந்தப் பதிவுக்குப் பிறகு முதல் பாட்டின் பக்கமே சாய்கிறேன். அது தன்னை எழுதியவரின் வாழ்வைக் கடந்தும் பொருள் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் அந்த மாலையின் உச்சம் லீயின் பாட்டுதான். 1967 தட்டில் டிரம்பெட்டுகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி தேய்ந்து மறையும்; மேடையில் அப்படித் தேய்த்துவிட முடியாது. திறந்தபடியே விட்டுவைத்த பாட்டுக்கு, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, லீ எல்லோர் முன்னிலையிலும் ஒரு முடிவு கொடுத்தாக வேண்டியிருந்தது.